ஏழாம் எண் படுக்கையில் இருந்த கருவி

சென்ற மாதம் ஓர் இரவு பத்தரை மணியளவில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் அழைத்தார். மனைவிக்கு 28 ஆவது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது என்றும், மாவட்டத் தலைநகரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், இன்னும் ஓரிரு நாள் பிரசவத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று மருத்துவர்கள் பார்ப்பதாகவும் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, எதற்காக அழைத்தாரோ அதைக் கேட்டார். "சார், கொழந்தையோட மூளைக்கு ஆக்ஸிஜன் ஒழுங்கா போகுதான்னு காட்டுற மெஷின் ஒண்ணு இருக்காமே, இந்த ஆஸ்பத்திரியில அது இல்லையாம். கொழந்தை பொறந்ததும் அது இருக்குற எடத்துக்குக் கொண்டு போயிடலாமா?"

என் மகளும் குறைமாதத்தில் பிறந்தவள் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டார். நான் அன்றிரவு சொன்ன பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலுக்கு நான் வந்து சேர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிடித்தன. நான் மருத்துவன் அல்லன், பள்ளியில் ஒளியியலும் மின்னியலும் நடத்துகிறவன். ஆகவே இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், அந்தக் கருவியோடு மனத்துக்குள் நெடுநாள் சண்டை போட்ட ஒரு தகப்பனின் குறிப்பாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2018 செப்டம்பரில் என் மகள் 27 ஆவது வாரத்தில், 880 கிராம் எடையில், திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு ஆறாம் எண் படுக்கை. ஒரு நாளைக்கு இரண்டு முறை, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, பத்து நிமிடம் உள்ளே நிற்க விடுவார்கள். முதல் நாள் நான் மகளைப் பார்த்த நேரத்தைவிட அவள் தலைக்கு மேல் இருந்த திரையைப் பார்த்த நேரம்தான் அதிகம். அவளுடைய பாதத்தில் சுற்றியிருந்த சிறு பட்டை வழியாக ஆக்ஸிஜன் அளவு 91, 93, 88 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தோல் வெந்துவிடக் கூடாது என்பதற்காகச் செவிலியர் சில மணிக்கொரு முறை அந்தப் பட்டையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவார். மாற்றும் அந்த அரை நிமிடத்தில் திரையில் எண் மறைந்து வெறும் கோடுகள் நிற்கும்; அந்த அரை நிமிடத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

பக்கத்தில் ஏழாம் எண் படுக்கையில் இருந்த குழந்தைக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு திரை இருந்தது. அந்தக் குழந்தையின் நெற்றியில் தீப்பெட்டி அகலத்தில் ஒரு பட்டை. பசை மெல்லிய தோலை உரித்துவிடும் என்பதால் ஒட்டாமல், மிருதுவான துணிக்கட்டால் தலையைச் சுற்றிப் பிடிக்க வைத்திருந்தார்கள். விளக்கைக் குறைத்த நேரத்தில் உற்றுப் பார்த்தால் பட்டையின் ஓரத்தில் மிக மங்கலாகச் சிவப்பு கசிவது தெரியும். திரையில் 67 என்றோ 71 என்றோ ஒற்றை எண். எங்கள் பக்கம் 88 வந்தாலே எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும் நாளில், அங்கே 67 ஐப் பார்த்து யாரும் பதறாமல் இருப்பது ஏன் என்று செவிலியரிடம் கேட்டேன். "அது பிரெயின் சாச்சுரேஷன் சார், அது அப்படித்தான் இருக்கும். அந்த மெஷின் ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

ஒன்றுதான் இருக்கிறது என்ற அந்தச் சொல் என்னுள் முள்ளாகத் தங்கிவிட்டது. மூன்றாம் நாள் உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேனில் என் மகளுக்கு மூளையின் வலப்பக்க அறைக்குள் இரத்தம் கசிந்திருப்பது தெரிந்தபோது முள் மேலும் ஆழமாக இறங்கியது. நான்கு படிநிலைகளில் இரண்டாவது, அறைகள் விரிவடையவில்லை, பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, என் கண் ஏழாம் எண் படுக்கையின் திரையில்தான் இருந்தது.

அந்தப் பட்டை என்ன செய்கிறது என்பதை அன்றிரவே தாழ்வாரத்தில் உட்கார்ந்து கைபேசியில் தேடினேன். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் பொத்தினால் விரல்கள் செக்கச்செவேலென்று ஒளிர்வதை எல்லாரும் சிறுவயதில் செய்து பார்த்திருப்போம். வெள்ளை ஒளியில் உள்ள நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகிறது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பின் தொடக்கப் பகுதியில், ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரை, உடல் இன்னும் தாராளமாக வழிவிடுகிறது. அந்தச் சன்னல் வழியாக எலும்பையும் கடந்து மூளையைப் பார்க்க முடியும் என்று அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977 இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் சுமையை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் இந்த எல்லைக்குள் வெவ்வேறு விதமாக ஒளியை உறிஞ்சுகின்றன. இரண்டு மூன்று அலைநீளங்களில் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிட்டால், எத்தனை சதவீதம் சுமையோடு இருக்கிறது என்று கணக்கிடலாம். நெற்றியில் ஒரு முனையில் நுழையும் ஒளி, சிதறிச் சிதறி, வாழைப்பழம் போல் வளைந்த பாதையில் மூளையின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டு மறுமுனையில் வெளிவருகிறது. பச்சிளங்குழந்தையின் மண்டை ஓடு மெலிது என்பதால், பெரியவர்களைவிட இவர்களிடம் இது எளிது. ட்யூக்கிலும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் 1985, 1986 ஆண்டுகளிலேயே பிறந்த குழந்தைகளிடம் அளந்து காட்டிவிட்டார்கள்.

அப்படியானால் பாதத்தில் இருக்கும் பட்டைக்கும் நெற்றியில் இருக்கும் பட்டைக்கும் என்ன வேறுபாடு? பாதத்தில் இருப்பது, கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த அதே பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974 இல் கண்ட வழி. அது நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒளியை மட்டும் பிரித்தெடுப்பதால் தமனியில் போகும் இரத்தத்தை அளக்கிறது. நெற்றிப் பட்டை எதையும் பிரிப்பதில்லை. கீழே இருக்கும் இரத்தம் முழுவதையும் பார்க்கிறது, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிரை இரத்தம். எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி என்பதால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. பாதத்துப் பட்டை மதகில் எவ்வளவு நீர் திறந்துவிடப்படுகிறது என்று சொல்கிறது. நெற்றிப் பட்டை, வயல்கள் எல்லாம் குடித்தது போகக் கடைமடையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்கிறது. மதகில் நீர் நிறையப் போவதாகக் கணக்கு இருக்கும்போதே கடைமடையில் வாய்க்கால் வறண்டு கிடப்பதை என் தாத்தா வாழ்நாள் முழுவதும் பார்த்தார். 67 ஐப் பார்த்துச் செவிலியர் பதறாததன் காரணமும் இதுதான்; மிச்சம் அவ்வளவு இருந்தால் நல்ல மிச்சம்.

இந்த உவமையின் மறுபக்கம் எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. கடைமடையில் நீர் தளும்பி நிற்பது எப்போதும் செழிப்பின் அடையாளமல்ல. வயல் குடிப்பதை நிறுத்திவிட்டாலும் நீர் தளும்பும். மூச்சுத்திணறலால் பெரிதும் பாதிக்கப்பட்ட மூளை ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளாமல் போகும்போது இந்த எண் 90 ஐ நோக்கி உயர்ந்து நிற்கக்கூடும். ஆகவே எண் குறைந்தாலும் கவலை, மிகக் கூடினாலும் கவலை.

குறைமாதக் குழந்தையின் மூளை ஏன் இவ்வளவு எளிதில் காயப்படுகிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மூளையின் நடுவே உள்ள அறைகளின் ஓரத்தில், புதிய செல்கள் பிறந்து வெளிநோக்கி நகரும் 'ஜெர்மினல் மேட்ரிக்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. நிறைமாதத்துக்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடும். 27 வாரத்தில் அது சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருக்கும். அதன் இரத்தக் குழாய்களுக்கோ சுவர் என்று சொல்லத்தக்க ஒன்று இன்னும் அமைந்திருக்காது. நம்முடைய மூளை, உடலின் இரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தன் பங்கைச் சீராக வைத்துக்கொள்ளத் தெரிந்தது. இவர்களுடைய மூளைக்கு அந்தத் திறன் அரைகுறை. ஓட்டம் முதலில் குறைந்து பின் திடீரென்று பெருகும்போது அந்த மெல்லிய குழாய்கள் வெடிக்கின்றன. கசிவுகளில் மிகப் பெரும்பாலானவை பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள் நேர்ந்துவிடுவதும், என் மகளுக்கு மூன்றாம் நாள் ஸ்கேனில் தெரிந்ததும் இதனால்தான். இதைவிடச் சத்தமில்லாத இன்னொரு காயம் உண்டு: அறைகளைச் சுற்றியுள்ள வெண்பொருள், போதிய இரத்தம் கிடைக்காமல் சிதைவது. அது வாரங்கள் கழித்தே ஸ்கேனில் சிறு துளைகளாகத் தெரியும். பின்னாளில் கால் விறைப்பாக, நடக்கத் தாமதமாக வெளிப்படும்.

படிக்கப் படிக்க என்னை மிகவும் திகைக்க வைத்தது ஆக்ஸிஜனைவிடக் கார்பன் டை ஆக்ஸைடுதான். வென்டிலேட்டர் சற்று அதிகமாகக் காற்றை அடித்துவிட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது, பாதத்தில் 94 காட்டுகிறது, எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அதே நேரத்தில் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துகொண்டிருக்கிறது. இப்படி மறைவாக நடப்பதைப் பிடித்துக் கொடுப்பதுதான் நெற்றிப் பட்டையின் உண்மையான வலிமை. எண் இறங்கினால் வென்டிலேட்டரைத் தணிக்கலாம். இரத்த அழுத்தம் குறைவா, இரத்தசோகையா, இதயத்தில் மூட வேண்டிய குழாய் மூடாமல் இரத்தத்தை வேறு பக்கம் திருப்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆக்ஸிஜனைக் கூட்டினால் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை போதும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுத்ததில் ஆயிரக்கணக்கானோர் பார்வை இழந்தார்கள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு குறைத்துக் கொடுத்தார்கள். அதற்கும் விலை இருந்தது. 2010 இல் வெளிவந்த 'சப்போர்ட்' என்ற அமெரிக்க ஆய்வில், பாதத்து எண்ணை 85 முதல் 89 வரை வைத்த குழந்தைகளிடம் கடுமையான கண் பாதிப்பு பாதியாகக் குறைந்தது, ஆனால் இறப்பு 19.9 சதவீதம், 91 முதல் 95 வரை வைத்தவர்களிடம் 16.2 சதவீதம். கண்ணுக்கும் உயிருக்கும் இடையே ஐந்தாறு புள்ளிகள்தான் இடைவெளி.

அந்தத் தாழ்வாரத்து இரவில் என் கையில் சிக்கியது 'சேஃப்பூஸ்-சி' ஆய்வு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ரிக்ஸ்ஹோஸ்பிடல் மருத்துவமனையைச் சேர்ந்த கோர்ம் கிரைசன் முன்னின்று நடத்திய ஐரோப்பிய ஆய்வின் இரண்டாம் கட்டம் அது. 2015 இல் 'பிஎம்ஜே' இதழில் வந்திருந்தது. 28 வாரத்துக்கு முன் பிறந்த 166 குழந்தைகள். எல்லாருடைய நெற்றியிலும் பட்டை. பாதிப் பேருக்குத் திரை திறந்திருந்தது, மீதிப் பேருக்கு மூடியிருந்தது. திறந்திருந்தவர்களுக்கு எண்ணை 55 முதல் 85 வரைக்குள் வைத்திருக்க மருத்துவர்கள் முயன்றார்கள். எல்லைக்கு வெளியே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் போனது என்று பெருக்கி ஒரு 'சுமை'யைக் கணக்கிட்டார்கள்: ஒரு மணி நேரம் 50 இல் நின்றால் சுமை 5. திரை மூடியிருந்தவர்களின் இடைநிலைச் சுமை 81.3, திறந்திருந்தவர்களுடையது 36.1. பாதிக்கும் கீழே! இறப்பும் 25 சதவீதத்துக்கு எதிரே 14 சதவீதமாக இருந்தது; ஆனால் இத்தனை சிறிய ஆய்வில் அதை உறுதியான வேறுபாடாகக் கொள்ள முடியாது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். நள்ளிரவில், மகள் கண்ணாடிக்கு அப்பால் கிடக்கும்போது, அந்த வாக்கியத்தை யார் வாசிப்பார்கள்?

மறுநாள் மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டேன். மருத்துவமனை இவ்வளவு பெரிது, கட்டணம் இவ்வளவு வாங்குகிறீர்கள், கருவி ஒன்றுதானா? என் மகளுக்கு வைத்திருந்தால் கசிவதற்கு முன்பே தெரிந்திருக்குமே? என் குரல் உயர்ந்ததாக மனைவி பிறகு சொன்னார். மருத்துவர் கோபப்படவில்லை. "காட்டும் சார். காட்டினதுக்கு அப்புறம் நாங்க என்ன செஞ்சா கொழந்தைக்கு நல்லதுங்கறதுதான் இன்னும் யாருக்கும் தெரியல" என்றார். நழுவுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த மருத்துவமனையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், உறவினர்களிடமும் ஆசிரியர் அறையிலும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏழாம் எண் படுக்கைக் குழந்தை என்ன ஆனது என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறொரு குடும்பத்தின் கதை, நான் சொல்வதற்கில்லை.

2023 ஏப்ரலில் மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. இம்முறை 17 நாடுகள், 70 மருத்துவமனைகள், 28 வாரத்துக்கு முன் பிறந்த 1601 குழந்தைகள். ஒரு பாதிக்குப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் நெற்றிப் பட்டையை வைத்து, 72 மணி நேரம் வரை, எண் இறங்கினால் இன்னின்ன செய்யலாம் என்ற வழிகாட்டுதலோடு கவனித்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. கருவுற்ற கணக்கில் 36 வாரம் ஆகும்போது இறப்போ கடுமையான மூளைக் காயமோ நேர்ந்தவர்கள்: கருவி வைத்த குழுவில் 35.2 சதவீதம், வைக்காத குழுவில் 34.0 சதவீதம்.

அந்த இரண்டு எண்களையும் பள்ளியில் தேர்வு மேற்பார்வை முடிந்து வந்த ஒரு பிற்பகலில் வாசித்தேன். முதலில் வரிசை மாறி வாசித்துவிட்டேனோ என்று மீண்டும் பார்த்தேன். இல்லை. பயன் இருந்ததற்கான அடையாளமே இல்லை. அதற்குச் சில மாதம் முன்பு, அதே ஆண்டு ஜனவரியில், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர்கள் தலைமையில் நடந்த 'காஸ்காட்' ஆய்வின் முடிவும் வந்திருந்தது. அவர்கள் 32 வாரத்துக்கு முன் பிறந்த 607 குழந்தைகளிடம் பிறந்த முதல் 15 நிமிடத்துக்கு மட்டும் இந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள். மூளைக் காயமின்றிப் பிழைத்தவர்கள் 82.9 சதவீதம், மறு குழுவில் 78.5 சதவீதம். எண் சாதகமான பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் தற்செயலாகவும் அவ்வளவு சாயலாம் என்ற அளவுக்குத்தான்.

சுமை பாதிக்கும் கீழே குறைந்தும் காயம் ஏன் குறையவில்லை? இதில்தான் எனக்கு அந்த மருத்துவரின் ஒற்றை வாக்கியம் திரும்பி வந்தது. எண் இறங்கியதும் செய்யக்கூடியவற்றை எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்தத்தை உயர்த்த மருந்து கொடுக்கலாம். அந்த மருந்துகளே இவ்வளவு சிறிய குழந்தைகளின் மூளையைக் காக்கின்றன என்று நிரூபிக்கப்படவில்லை. உப்புநீர் ஏற்றலாம், வேகமாக ஏற்றினால் அதுவே கசிவைத் தூண்டலாம். இரத்தம் ஏற்றலாம், ஆக்ஸிஜனைக் கூட்டலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தனி விலை. கடைமடை வறண்டிருப்பதைத் துல்லியமாகக் காட்டும் அளவுகோல் கையில் இருக்கிறது; ஆனால் மதகைத் தூக்கினால் நடுவழியில் கரை உடையுமா என்பது தெரியாது. தவிர, சில குழந்தைகளுக்குக் காயத்தின் வித்து பிரசவ நேரத்திலோ கருப்பையில் ஏற்பட்ட தொற்றிலோ விழுந்திருக்கும். ஆறாவது மணி நேரத்தில் வைக்கும் பட்டை அதை எப்படித் தடுக்கும்?

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. இரண்டாம் கட்ட ஆய்வில் 55 என்று வைத்த எல்லை, பெரியவர்களுக்கான ஒரு பட்டையைக் கொண்டு அளந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கென்றே செய்த பட்டையை அதே நெற்றியில் வைத்தால் ஏறத்தாழ பத்துப் புள்ளி கூடுதலாகக் காட்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கிடும் முறையும் வேறு. இரண்டு தராசுகள் ஒரே அரிசியை வெவ்வேறு எடையாகக் காட்டினால் கடைக்காரரைச் சும்மா விடமாட்டோம். ஏழாம் எண் படுக்கையில் நான் பார்த்த 67, அடுத்த ஊர் மருத்துவமனையில் 76 ஆக இருந்திருக்கலாம்.

இதனால் கருவியே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பிறவி இதயக் குறைக்கு அறுவை சிகிச்சை செய்யும்போதும், பிறக்கும்போது மூச்சுத்திணறிய நிறைமாதக் குழந்தைகளைக் குளிர்வித்துச் சிகிச்சை தரும்போதும் இதை நம்பிப் பயன்படுத்துகிறார்கள். ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு, அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர், வென்டிலேட்டர் அளவுக்கு மீறி அடிப்பதை இதைப் பார்த்துக் கண்டுபிடித்துத் திருத்தியும் இருக்கலாம். ஆனால் இது இருந்திருந்தால் என் மகளுக்குக் கசிந்திருக்காது என்று நான் ஐந்தாண்டு சொன்னது வெறும் நம்பிக்கை. அதை ஒரு மனிதரின் மேல் குற்றமாகச் சுமத்தியிருந்தேன்.

அந்த ஆய்வை வாசித்த பிறகுதான், மகளுடைய பழைய கோப்பை எடுத்து, பிறந்த நாளுக்கு முந்தைய பக்கங்களை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். தஞ்சாவூரில் வலி எடுத்ததும் அங்கிருந்த மகப்பேறு மருத்துவர், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே திருச்சிக்கு அனுப்பிவிட்டார். பிறந்த பிறகு வண்டியில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு போகும் குழந்தைகளுக்கு மூளைக் கசிவு அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அனுப்பும் முன் ஓர் ஊசி, பிறகு திருச்சியில் பன்னிரண்டு மணிக்கொன்றாக மூன்று: டெக்ஸாமெத்தசோன், 6 மில்லிகிராம். வார்டில் அதை 'நுரையீரல் ஊசி' என்பார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972 இல் எழுதிய ஆய்விலிருந்து கிளைத்து வந்த சிகிச்சை அது. நுரையீரலை மட்டுமல்லாமல் மூளைக்குள் கசிவதையும் குறைக்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. என் மகள் கோப்பில் அந்த நான்கு ஊசிகளும் ஒரே கையெழுத்தில் அல்லாமல், நான்கு வெவ்வேறு செவிலியர்களின் கையெழுத்தில், நேரத்தோடு பதிவாகியிருந்தன. கடைசி ஊசிக்கும் பிரசவத்துக்கும் இடையே ஏழு மணி நேரம். மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் அந்த மருந்துக்கான தொகையைத் தேடினேன். பஞ்சு, கையுறை வரிகளுக்கு நடுவே, கண்ணில் படாத அளவுக்குச் சிறிய தொகையாக இருந்தது. தாழ்வாரத்தில் நான் தேடிய இரவில் இதைப் பற்றி ஒரு வரி கூடத் தேடவில்லை.

மகளுக்கு இப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கண்ணாடி போட்டிருக்கிறாள். ஷூ நாடா கட்டுவது மட்டும் இன்னும் கைவரவில்லை. அது கசிவினாலா, என் அவசரத்தில் நானே கட்டிவிடுவதாலா என்று தெரியவில்லை என்று மனைவி சொல்வார்.

மாணவருக்குச் சொன்ன இரண்டு நிமிடப் பதில் இதுதான். அந்தக் கருவியைத் தேடிக்கொண்டு, பிறந்த குழந்தையை எங்கும் தூக்கிச் செல்லாதே. இடம் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் நினைத்தால் இப்போதே, வயிற்றில் இருக்கும்போதே மாற்றச் சொல். அந்த மருத்துவமனையில் வென்டிலேட்டரும் குறைமாதக் குழந்தைகளை இரவும் பகலும் பார்த்துப் பழகிய செவிலியர்களும் இருந்தால் அங்கேயே இரு. நுரையீரல் ஊசி எத்தனை ஆயிற்று என்று கேள். மூளைக்குப் பாதுகாப்பாக மெக்னீசியம் சல்பேட் கொடுப்பார்களா, தொப்புள்கொடியைச் சற்றுப் பொறுத்து வெட்ட முடியுமா என்று கேள். கேள்வியாகக் கேள், சண்டையாகக் கேட்காதே. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தலை ஸ்கேன், மூன்று வாரத்துக்குள் கண் பரிசோதனை, இவற்றுக்கான தேதியை எழுதி வாங்கிக்கொள். அவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருப்பது மறுமுனையில் கேட்டது. "இரண்டு ஊசி ஆயிடுச்சு சார்" என்றார்.

நான்காவது ஊசிக்கு மறுநாள் குழந்தை பிறந்தது. ஆண், 1060 கிராம். நெற்றியில் பட்டை எதுவும் இல்லை. மூன்றாம் நாள் ஸ்கேனிலும் ஏழாம் நாள் ஸ்கேனிலும் கசிவு இல்லை என்று செய்தி அனுப்பினார். இன்றோடு குழந்தைக்கு 17 நாள். குறைந்திருந்த எடை திரும்பி, நேற்று 1110 கிராம் காட்டியிருக்கிறது. தாய் இரண்டு நாளாக மார்போடு அணைத்துக் கங்காரு பராமரிப்பு கொடுக்கிறார். கண் பரிசோதனை வரும் வியாழக்கிழமை.